நீலராஜா இழுத்த பிடி

நாற்பத்தோராயிரத்து முந்நூற்று அறுபது. வாய்க்காலோடு போன சாயத்துக்கு அவன் கட்ட வேண்டியிருந்த தொகை.

மாதாமாதம் சம்பளத்தில் அறுநூற்றுத் தொண்ணூறு பிடித்தார்கள். ஐம்பத்தொன்பது மாதம் பிடித்தாயிற்று. இன்றைக்குப் பிடித்தது கடைசி அறுநூற்று ஐம்பது.

காசாளர் கவரையும் ஒரு சீட்டையும் ஜன்னல் வழியாக நீட்டினார். அவர் மூக்கு நுனியில் நீலம் பூசியிருந்தது.

"இனிமே நீ யாருக்கும் கடன்காரன் இல்ல ராஜா. போ, வண்டி உனக்காகத்தான் நிக்குது."

'பாக்கி இல்லை' என்று சீட்டில் எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டி இரண்டு தரம் வாசித்தான். சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தான். பசிகூட வரவில்லை.

வெளியே ஊரே நீலமாக நின்றது.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் இதே தேதியில், சாயப்பட்டறையின் பெரிய தொட்டி ஒன்று முழுசாக வாய்க்காலில் இறங்கிவிட்டது. விடிந்து பார்த்தால் தண்ணீர் நீலம், வாத்து நீலம், துவைத்துக் காயப்போட்ட துணி அத்தனையும் நீலம். முடிவெட்டுகிற கடைக்கு வெள்ளைத் தாடியோடு போன பெரியவர் நீலத் தாடியோடு திரும்பினார். முதல் வாரம் ஊர் பயந்தது. இரண்டாவது வாரம் கம்பெனியைத் திட்டியது. அடுத்த வருஷம் சிரிக்க ஆரம்பித்துவிட்டது.

இப்போது அதற்கு நீலநாள் என்று பெயர். பள்ளிக்கூடம் அரை நாள்தான். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தவனுக்கு அபராதம். பூசிக்கொள்ளச் சாயம் கம்பெனியே இலவசமாகக் கொடுக்கிறது.

தொட்டியைத் திறந்துவிட்டவன்தான் விழாவுக்கு நீலராஜா. வேறு யார், இவன்தான்.

தப்புச் செய்த கைதான் நஷ்டத்தைக் கட்ட வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். அன்றைக்கு மேஸ்திரி வாயைத் திறக்கும் முன்பே, "நான்தான் பிடிய இழுத்தேன்" என்று ஒப்புக்கொண்டான். அதோடு சரி. அவன் வீட்டுக்காரி அந்த அறுநூற்றுத் தொண்ணூறை முகத்தில் வைத்துக்கொண்டுதான் ஐந்து வருஷமாகச் சோறு போடுகிறாள்.

அவன் அண்ணன் போனதும் அதே ஷிஃப்டில்தான். ஓய்வறை பெஞ்சில் படுத்த வாக்கில், மாரடைப்பு. ஊருக்கு நீலம் ஞாபகம் இருந்தது, அது இல்லை. அண்ணி மட்டும் வருஷா வருஷம் இந்தத் தேதியில் கதவைச் சாத்திக்கொள்வாள்.

அவளிடம் சொல்ல அவனுக்கு ஒரு விஷயம் இருந்தது. சீட்டு கைக்கு வரட்டும் என்று ஐந்து வருஷம் அடக்கிவைத்தான். நேற்று போய், "நாளைக்குக் கணக்கு முடியுது அண்ணி, வந்து பாருங்க" என்றான். அதோடு திரும்பிவிட்டான்.

நீலநாள் வண்டியில் ஏறினான். தலையில் நீலக் காகிதக் கிரீடம் வைத்தார்கள். முன்னால், பட்டறையில் இருப்பது மாதிரியே மரத்தில் செய்த நீளப் பிடி. அதைக் கீழே இழுத்தால் பின்னாலிருக்கும் பீப்பாய் திறந்து கூட்டத்தின் மேல் நீலத் தண்ணீர் கொட்டும். முதல் வருஷம் கொட்டாவி விட்டுக்கொண்டே இழுத்தான். போன வருஷம் முதுகைச் சொறிந்துகொண்டே இழுத்தான். என்ன கேட்டார்களோ அதைச் செய்தான்.

டீக்கடைக்காரர் மைக்கைப் பிடித்தார். "ராஜா, அஞ்சு வருஷம் ஆச்சு. இந்தத் தடவையாவது நிஜமா எப்படி இழுத்தியோ அப்படியே காட்டிடு."

கூட்டத்தின் ஓரத்தில் அண்ணி நின்றாள். அவள் துணியில் ஒரு சொட்டு நீலமில்லை.

பட்டறையில் அந்த இரும்புப் பிடி எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். இடுப்பு விட்டுப்போனவர்கள் அதைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் சாய்வார்கள். 'சாயக்கூடாது' என்று பலகை தொங்குகிறது. அதை நின்று வாசித்தவர் யாரும் அந்தப் பக்கம் வேலை பார்த்ததில்லை.

சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான். சீட்டு இருந்தது. இனி யாரும் அந்தக் கணக்கைத் திறக்க முடியாது.

அவன் பிடியை இழுக்கவில்லை. மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டான். நெற்றியை அதன்மேல் வைத்தான். முழங்கால் மடங்கியது. கையை விடாமல், பிடியோடு பிடியாக மெல்லச் சரிந்து வண்டிப் பலகைக்கு வந்தான்.

பீப்பாய் திறந்துகொண்டது. நீலம் கூட்டத்தோடு அவனையும் நனைத்தது.

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. இத்தனை வருஷத்தில் இதுதான் நடிப்பு என்றார் டீக்கடைக்காரர்.

அவன் எழவில்லை. அன்றைக்கு அண்ணனின் விரல்களைப் பிடியிலிருந்து ஒவ்வொன்றாகத்தான் பிரிக்க வேண்டியிருந்தது. தோளில் தூக்கிப்போய் பெஞ்சில் கிடத்திவிட்டு, அப்புறம்தான் மேஸ்திரியிடம் ஓடினான். செத்தவன் கை என்று எழுதியிருந்தால், அண்ணிக்கு வர வேண்டிய தொகையில் அல்லவா பிடித்திருப்பார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அண்ணி வண்டியோரம் வந்தாள்.

"பெஞ்சுல இல்லையா தம்பி?"

இல்லை என்று தலையாட்டினான். சீட்டை எடுத்து நீட்டினான். அது ஊறிப் போய், எழுத்தே தெரியாமல் நீலமாக இருந்தது.

அவள் அதைப் பார்க்கவில்லை. வாங்கி உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். விரலிடுக்கில் நீலம் கசிந்தது.