வெறுஞ்செம்பு

"பராசக்தி எங்கை? பந்திக்கு வரேல்லையோ?"

சோற்றுக் கடகத்தை இடுப்பில் வைத்தபடி கத்தரீனா கேட்டாள்.

"வயித்துக்குத்தாம். படுத்திருக்கிறாள்" என்றாள் அருமைநாயகி, இலையிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

வயிற்றுக்குத்தாம்! காலையில் நாடகப் பழக்கத்தில் மான்குட்டி மாதிரித் துள்ளித் திரிந்தவள் அவள். சோறு போடும் முறை கத்தரீனாவுக்கு வந்த அன்று பார்த்துத்தானா அவளுக்கு வயிறு குத்த வேண்டும்?

சித்திரை விடுமுறைக்கு உடுவில் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பெண்பிள்ளைகளுக்கு நாடகம் பழக்கினார்கள். இரண்டு வாரம் அங்கேயே தங்கல். எல்லாருக்கும் சைவச் சாப்பாடு, எல்லாருக்கும் ஒரே பந்தி, நாளுக்கு ஒரு பிள்ளை பரிமாற வேண்டும். சிசிலியா ரீச்சரின் கட்டளை அது. கடைசி நாள் பின்னேரம் ஊர்ப் பெண்களைக் கூப்பிட்டு நாடகத்தை மேடையேற்றுவது. அந்தக் கடைசி நாள்தான் இன்று.

கத்தரீனாவுக்கு வயது பதினாலு. குருநகரில் மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளை. சின்ன வயதில் ஒருநாள் தாயோடு மீன் விற்கப் போன இடத்தில் தண்ணீர் கேட்டாள். வீட்டுக்காரி கிணற்றடியில் கிடந்த சிரட்டையைத் தேடியெடுத்து அதில் வார்த்துக் கொடுத்தாள். அதை மறக்க முடியுமா? இங்கே வந்த நாள்முதல் யார் முகம் சுளிக்கிறார்கள், யார் தள்ளி இருக்கிறார்கள் என்று பார்ப்பதே அவளுக்கு வேலை.

நீர்வேலித் தோட்டக்காரர் வீட்டுப் பராசக்தியில் மட்டும் இதுவரை ஒரு பிழையும் பிடிக்க முடியவில்லை. பக்கத்துப் பாயில் படுத்தாள், பக்கத்து இலையில் சாப்பிட்டாள்.

'பக்கத்திலை இருந்து தின்னலாம். என்ரை கையாலை போட்டதைத் தின்ன மனம் வராதாக்கும்!'

பந்தி முடிந்ததும் ரீச்சர் எல்லாரையும் கூப்பிட்டார்.

"தாய் மகளுக்குத் தண்ணி குடுக்கிற கட்டத்திலை, இவ்வளவு நாளும் வெறுஞ்செம்போடை பழகினியள். இண்டைக்கு உண்மைத் தண்ணி வைப்பம். சனம் உருகிப்போகும்."

காட்டில் தொலைந்த மகள் வீடு வந்து சேருகிற கட்டம் அது. தாய் கத்தரீனா, மகள் பராசக்தி.

பராசக்தி எழுந்து போய் ரீச்சரின் காதுக்குள் ஏதோ சொன்னாள். ரீச்சரின் முகம் மாறிவிட்டது.

"சரி சரி. வெறுஞ்செம்பே இருக்கட்டும்."

"ஏன் ரீச்சர்?" என்றாள் கத்தரீனா.

"சொன்னதைச் செய், பிள்ளை."

விடுவாளா கத்தரீனா? கிணற்றடியில் பராசக்தியை மறித்தாள்.

"தண்ணியிலை என்ன குறை கண்டனி?"

"ஒண்டுமில்லை. இண்டைக்கு வேண்டாம், அவ்வளவுதான்."

"இண்டைக்கு வேண்டாமோ, என்ரை கையாலை வேண்டாமோ?"

 பராசக்தி தலையைக் குனிந்தபடி விலகிப் போய்விட்டாள்.

பதில் இருந்தால் சொல்லமாட்டாளா? கத்தரீனாவுக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. 'இரு, இண்டைக்கு உனக்குப் பாடம் படிப்பிக்கிறன்.'

பின்னேரம் ஐந்து மணிக்கு மண்டபம் நிறையப் பெண்கள். அந்தக் கட்டம் வருவதற்குச் சற்று முன்னால் கத்தரீனா ஒருவருக்கும் தெரியாமல் கிணற்றடிக்குப் போய்ச் செம்பைக் கழுத்துமட்டும் நிரப்பிக்கொண்டு வந்தாள்.

"மகளே, களைத்து வந்தாயே, குடியம்மா!" என்று உரக்கச் சொன்னாள். செம்பை நீட்டும்போது குரலைத் தாழ்த்தினாள். "உண்மைத் தண்ணி. துப்பிறதெண்டால் இவ்வளவு சனத்துக்கும் முன்னாலை துப்பு."

பராசக்தி செம்புக்குள் பார்த்தாள். கத்தரீனாவின் முகத்தைப் பார்த்தாள்.  

பிறகு செம்பைத் தூக்கி மடமடவென்று குடித்தாள். நாடியால் வழிந்து சட்டையெல்லாம் நனைய நனைய, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

சனம் கைதட்டிய தட்டில் கூரை அதிர்ந்தது. கத்தரீனாவுக்குக் கால் நிலத்தில் படவில்லை. குடிக்க வைத்துவிட்டாள் அல்லவா!

நாடகம் முடிந்து திரைக்குப் பின்னால் வந்தால், கையில் சாப்பாட்டு மூட்டையோடு பராசக்தியின் மாமி. நீர்வேலியிலிருந்து வண்டியில் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தார்.

"மோனை, நிலா கிளம்பீற்றுது. கெதியா வா. கொம்மாவுக்குப் படைச்சுப்போட்டு விரதத்தை முடிப்பம்."

கத்தரீனாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்ன விரதம், ரீச்சர்?"

அந்தக் கட்டத்தில் திரைக்குப் பின்னால் வேலையாக நின்ற ரீச்சர், ஒன்றும் தெரியாமல் குரலைத் தாழ்த்தினார். "இண்டைக்குச் சித்திராப் பறுவமெல்லே, சித்திரை முழுநிலா நாள்? தாயில்லாத பிள்ளையள் பிடிக்கிற விரதம். தாயின்ரை ஆண்டுத் திவசம் முடிஞ்சு இதுதான் உவளுக்கு முதல் விரதம். காலமை தொட்டுப் பச்சைத் தண்ணியும் பல்லிலை படேல்லை. கதைச்சா அழுகை வந்திடும், நாடகம் முடியுமட்டும் ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ எண்டு கெஞ்சினவள், பாவம்."

 கத்தரீனாவின் கையில் இன்னும் அந்தச் செம்பு.

இதற்குள் மாமி பராசக்தியின் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டார்.

"உதென்ன, சட்டையெல்லாம் ஈரம்? ஐயோ, தண்ணி குடிச்சுப்போட்டியே? ஆரடி உனக்குத் தண்ணி தந்தது?"



பராசக்தி கத்தரீனாவின் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை.

"ஒருத்தரும் தரேல்லை, மாமி. தாகம் பொறுக்கேலாமல் நானேதான் அள்ளிக் குடிச்சிட்டன்."