திரை துடைக்கும் முறை

"வணக்கம், வாடிக்கையாளர் சேவை. சொல்லுங்க சார்."

"எங்க வீட்டுப் பெரிய டிவி திரையில எண்ணெய்க் கை பட்டிருச்சு மேடம். எப்படித் துடைக்கிறது?"

ஹெட்போனைச் சரிசெய்துகொண்டே அவள் ஒரு நொடி தயங்கினாள். பிறகு பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள்.

"முதல்ல டிவியை அணைச்சு, சூடு ஆறவிடுங்க. அப்புறம் மைக்ரோஃபைபர் துணியால மெதுவாத் துடைங்க."

"கண்ணாடி துடைக்கிற ஸ்ப்ரே அடிக்கலாமா?"

"கூடவே கூடாது. திரைமேல இருக்கிற பூச்சு போயிரும்."

"கறை போகலைன்னா அழுத்தித் தேய்க்கலாம்ல?"

"அழுத்தாதீங்க சார். துணியைத் தண்ணியில நனைச்சு, நல்லாப் பிழிஞ்சு, பொறுமையாத் துடைங்க. மென்மையான பொருள். முரட்டுத்தனமா நடந்துக்கிட்டா அப்புறம் சரிபண்ண முடியாது."

"அது மூணு நாளாப் புரியுது மேடம்."

அவள் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "இதுக்கா ஆபீஸுக்குப் போன் பண்ணுனீங்க?"

"கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போன பொண்டாட்டி, என் போனை எடுக்கலைன்னா வேற என்ன பண்றது? காலையிலேருந்து ஒன்பது தடவை வேற யாரோ எடுத்தாங்க. பத்தாவதாத்தான் நீ மாட்டுன."

"ஐயோ, இங்க பேசுறதெல்லாம் பதிவாகுதுங்க. எங்க மேனேஜர் கேப்பாரு."

"நல்லாக் கேக்கட்டும். உன்கிட்ட அப்படிக் கத்துனது என் தப்புதான். வீட்டுக்கு வந்துரு."

அவள் மைக்கை வாய்க்கு அருகே இழுத்துக்கொண்டாள்.

"வேற ஏதாவது உதவி வேணுமா சார்?" என்று கேட்கும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆறு மணிக்கு வேலை முடியும். வந்து கூட்டிட்டுப் போங்க. அதுவரைக்கும் தயவுசெஞ்சு டிவி பக்கமே போகாதீங்க."