பாதி வெளிச்சம்

கேமராவின் ஊசி இன்றும் எட்டுக்கு வரவில்லை. ஐந்து புள்ளி ஆறிலேயே சோம்பி நின்றது.

சயோகோ கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கி, லேசாகத் தட்டிவிட்டு, மறுபடியும் சுவரைப் பார்த்தாள். பகல் பன்னிரண்டு மணி. அதே சுவர், அதே நாற்காலி. வெளியே மேகமில்லாத அக்டோபர் வெயில். கேமராக் கணக்கில் ஊசி எட்டிலிருந்து ஐந்து புள்ளி ஆறுக்கு இறங்கினால் வெளிச்சம் பாதியாகிவிட்டது என்று பொருள். அறையில் பாதி வெளிச்சம்தான் இருக்கிறது என்று கேமரா மட்டும் சாதித்தது.

நாளை ஞாயிறு. அதற்குள் திருப்பிக் கொடுத்தால்தான் பணம் வாபஸ். ஆனால் கொடுக்க அவளுக்கு மனமில்லை.

ஐம்பது வருடப் பழைய கேமரா. தென்ஜின்பாஷி கடைத்தெருவில், பழைய கேமராக் கடை வைத்திருக்கும் நிஷிவாக்கியிடம் வாங்கியது. விற்கும்போதே அவர் எச்சரித்திருந்தார். கிழட்டுக் கேமராவில் முதலில் படுப்பது வெளிச்சம் அளக்கிற மீட்டர்தான். தினமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தைப் பார்த்து ஊசியைக் கவனியுங்கள், தடுமாறினால் கொண்டு வாருங்கள் என்றார்.

சயோகோ கவனித்தாள். பகலில் அவளுக்கு வேறு வேலையும் இல்லை. விவாகரத்தாகி, தொத்தோரியை விட்டு ஒசாகாவுக்கு வந்து எட்டு மாதம். மாலையில் ஒரு கடைக் கல்லாவில் நின்று 'வாங்க', 'நன்றி' என்று சொல்வதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும்.

சொன்ன நேரத்துக்குச் சொன்ன இடத்தில் வந்து நிற்க, அவளுக்கென்று இருந்தது அந்த ஊசி ஒன்றுதான்.

வாங்கிய நாளிலிருந்து புதன்கிழமைவரை எட்டில் நின்றது. இந்த வியாழக்கிழமைதான் இறங்கியது.

நிஷிவாக்கிக்குப் போன் செய்தாள். புது பேட்டரி போடச் சொன்னார். போட்டாள். வெள்ளிக்கிழமையும் அதே கதை. பேட்டரி மூடியின் உட்புறம் பச்சைக் களிம்பு பூத்திருக்கும், பென்சில் அழிக்கிற ரப்பரால் தேயுங்கள் என்றார். பளபளக்கும்வரை தேய்த்தாள். ஃபிலிம் வேகத்துக்கான எண் கைபட்டு நகர்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். நகரவில்லை.

இன்று வேறு வழியில்லாமல் கேமராவைத் துணியில் சுற்றிக்கொண்டு கடைக்கே போனாள்.

நிஷிவாக்கி அவளை வாசலில் நிறுத்தி, உள்ளங்கையை விரிக்கச் சொன்னார். கேமராவால் ஒரு முறை அளந்தார். தன் கைமீட்டரால் ஒரு முறை அளந்தார். பிறகு உள்ளே, கடையின் இருட்டு மூலையில் நிறுத்தி அளந்தார். எங்கே அளந்தாலும் இரண்டும் ஒரே எண்ணைத்தான் காட்டின.

"கேமரா பொய் சொல்லலக்கா. உங்க வீட்லதான் யாரோ வெளிச்சத்தத் திருடுறாங்க."

தன் வீட்டில் தன்னைத் தவிர யாருமில்லை என்றாள் சயோகோ.

"அப்ப ஜன்னலத் தொறந்து பாருங்க. சூரியனும் வீட்டக் காலி பண்ணிட்டுப் போயிருச்சோ என்னமோ."

வழியெல்லாம் அதை நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். கேமராவைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். அது போதும்.

வீட்டுக்கு வந்ததும், விளையாட்டுப்போல, ஜன்னலில் கை வைத்தாள்.

குடிவந்ததிலிருந்து அவள் அதைத் திறந்ததே இல்லை. வெளிச்சம் வரும், உருவம் தெரியாத மங்கல் கண்ணாடி. எதிர்க்கட்டடம் நாலெட்டு தூரத்தில். திறந்தால் அடுத்தவர் வீட்டுக்குள் தலையை நீட்டியதுபோல் ஆகிவிடும். அந்தச் சந்தில் யாரும் ஜன்னலைத் திறப்பதில்லை.

ஜன்னல் கிறீச்சிட்டுக்கொண்டே நகர்ந்தது.

எதிரே, வெயிலை முழுக்க வாங்கிக்கொண்டு ஒரு பால்கனி. கறுப்புக் கம்பியில் இரண்டு பெரிய கிளிப்புகள், மெத்தையை வெயிலில் போடும்போது மாட்டுபவை. மெத்தையைக் காணோம்.

அது கீழே, பால்கனித் தரையில் கிடந்தது. வெள்ளை உறை போட்ட மெத்தை. தினமும் காலையில் அந்தக் கம்பியில் விரிந்து, வெயிலை அவள் அறைக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது அதுதான்.

அதற்கடியிலிருந்து ஒரு கால் நீண்டிருந்தது.

கால்விரல் அசைந்தது. மெத்தையின் மறுமுனையில் ஒரு முதியவரின் முகம், பாதி திறந்த கண்கள்.

"ஐயா, கண்ண மூடிராதீங்க. இதோ வர்றேன்."

படியிறங்கி, சந்து வழியாகச் சுற்றி, எதிர்க்கட்டடத்தின் படிகளில் ஏறினாள். கதவு பூட்டியிருக்கவில்லை. பெரியவருக்கு ஒரு பக்கம் இழுத்திருந்தது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மேலே விழுந்த மெத்தைதான் இரவுக் குளிரில் அவரைக் காப்பாற்றியிருக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையும் அவள் கையை விடவில்லை.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றி வாசலுக்குக் கொண்டுவரும்போது, பெரியவர் எப்போது விழுந்தார் என்று ஆம்புலன்ஸ்காரர் கேட்டார். தெரிந்தால் டாக்டருக்கு உதவியாக இருக்கும்.

புதன்கிழமை பகல் பன்னிரண்டுக்கு நன்றாக இருந்தார், வியாழன் பன்னிரண்டுக்குள் விழுந்துவிட்டார் என்று சயோகோ தயங்காமல் சொன்னாள்.

ஆம்புலன்ஸ்காரர் முகத்தில் ஒரு நிம்மதி. "தனியா இருக்கறவங்களுக்கு இதெல்லாம் சொல்லவே ஆள் இருக்காது. நீங்களாவது இருக்கீங்களே. பெரியவர் பேரு என்ன?"

சயோகோ கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

பெயர் எழுதுகிற அட்டை வெறுமையாக இருந்தது, அவள் வீட்டுக் கதவில் இருப்பதைப் போலவே.