பாப்பாவின் பால் பல்

தான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்ததும் வராததுமாக மனைவி சோபாவில் சரிந்தாள்.

"என்னங்க, நம்ம பாப்பாவோட விழுந்த பல்லை என்கிட்ட ஆராய்ச்சிக்குக் கொடுத்தீங்களே, அதுல ஈயம் ஏகத்துக்கு இருக்கு!"

கணவன் திருதிருவென விழித்தான்.

"செவுத்துப் பெயின்ட்டா இருக்குமோ? குழாய்த் தண்ணியா? ஈயம் மூளையைத்தாங்க பாதிக்கும். மறதி வரும், கணக்கு ஏறாது, சொன்ன பேச்சைக் கேக்காது..." அவள் குரல் உடைந்தது. "பெத்தவ நானே மெஷின்ல வெச்சுப் பார்த்தேங்க!"

"ஐயோ, அழாதம்மா. அது பாப்பா பல்லே இல்ல."

"பின்ன?"

"'அம்மா என் பல்லை இடிச்சுப் பொடியாக்கிடுவாங்க'ன்னு அவ ஒரே அழுகை. மனசு கேக்கல. எங்கப்பா டப்பாவுல பத்திரமா வெச்சிருந்த என்னோட பால் பல்லைக் கொடுத்துட்டேன். நான் சின்னப் பையனா இருந்தப்ப பெட்ரோல்லயே ஈயம் கலந்துதானே வித்தாங்க!"

போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். பிறகு சிரித்தபடி அவன் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"மறதி, கணக்கு ஏறாது, சொன்ன பேச்சைக் கேக்காது... கல்யாணமான நாள்லேர்ந்து எனக்கு இருந்த சந்தேகம் இன்னிக்குத்தாங்க தீர்ந்துச்சு!"