வெறும் எண்ணெய்

"உண்மையைச் சொல்லிடுங்க சார். வீட்டம்மாவுக்கு முன்னாடியே சொல்லிக் கொடுத்துட்டீங்களா?"

துறைத்தலைவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். துறைக் கூட்டத்தில் இருந்த மற்ற ஆசிரியர்கள் சிரிக்கவில்லை. யாரும் தன் முகத்தைப் பார்க்காததுதான் விரிவுரையாளருக்கு அதிகமாகச் சுட்டது.

நொச்சி இலைத் தைலம், இறுகிப்போன தசையைத் தளர்த்துமா என்று பார்க்கும் சோதனை அவருடையது. தோள்பட்டை பிடித்துக்கொண்டவர்களாகத் தேடிப்பிடித்தார். பாதிப் பேருக்கு இலைத் தைலம். மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே வாசனையில் வெறும் எண்ணெய். யாருக்கு எது என்பது தலைவருக்கு மட்டும்தான் தெரியும்.

கடைசி நேரத்தில் ஓர் ஆள் குறைந்தது. மனைவியையே சேர்த்துக்கொண்டார். அழகு நிலையத்தில் நாள் முழுக்கக் கையைத் தூக்கிப் பிடித்து முடி வெட்டுகிறவள்.

இன்று தலைவர் யாருக்கு எது என்ற விவரத்தைப் பிரித்தார். இலைத் தைலம் தடவியவர்களுக்கு வலி குறைந்திருந்தது. வெறும் எண்ணெய் தடவியவர்களில் ஒருத்தருக்கும் வலி விட்டபாடில்லை. மனைவிக்கு மட்டும் அறவே போய்விட்டதாம்.

"புருஷன் மானத்தைக் காப்பாத்த நினைச்சிருக்காங்க பாவம். ஆனா, மத்தவங்க சொன்னதை மட்டும் நான் எதை வச்சு நம்பறது?" என்றார் தலைவர். "கட்டுரையை இப்போ அனுப்ப வேண்டாம். நிறுத்தி வைங்க."

விரிவுரையாளர் காது மடல் எரிய வெளியே வந்தார்.

வீட்டில் மனைவி போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு அப்படி ஒரு பொய் சொன்னே?"

"என்ன பொய்?"

"தோள் வலி போயிடுச்சுன்னு! உனக்குக் கொடுத்தது வெறும் எண்ணெய். இலைச்சாறு ஒரு சொட்டு கிடையாது அதுல. புருஷன் சந்தோஷப்படட்டும்னு அளந்துவிட்டியாக்கும்? எல்லார் முன்னாடியும் என் மூஞ்சியில கரியைப் பூசிட்டே! கட்டுரையையே நிறுத்தி வைக்கச் சொல்லிட்டாரு!"

அவள் திகைத்துப் போனாள்.

"வெறும் எண்ணெயா அது?"

"நடிக்காதே."

"சத்தியமா தெரியாதுங்க. ஆனா, நிஜமாவே குறைஞ்சுதே!"

கையிலிருந்த கனத்த போர்வையைத் தூக்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்துக் காட்டினாள். முக்கல் முனகல் இல்லாமல் கை மேலே போய் வந்தது.

அவருக்குக் குரல் கொஞ்சம் இறங்கியது.

"அதெப்படி? அதே எண்ணெயைத்தானே மத்தவங்களும் தடவினாங்க? ஒருத்தருக்கும் கேக்கலையே!"

"அவங்களுக்கு யாரு தடவி விட்டாங்க?"

"யாரு தடவுவா? பாட்டிலைக் கொடுத்து அனுப்பிட்டோம். அவங்கவங்களே தடவிக்கிட்டாங்க."

"எனக்கு நீங்கதானே தடவி விட்டீங்க?" என்றாள். "நான் ஏனோதானோன்னு தடவினா சோதனை கெட்டுடும்னு, என்னை நம்பாம பாட்டிலைப் பிடுங்கிக்கிட்டீங்களே. தினமும் சாயங்காலம் பக்கத்துல உக்காந்து, 'இங்க வலிக்குதா, இன்னும் கொஞ்சம் அழுத்தவா'ன்னு கேட்டுக் கேட்டு..."

அடுத்த போர்வையை எடுத்தாள்.

சோதனைக்கு முன்னால் அந்தத் தோளைப் பற்றி எப்போது கேட்டோம் என்று அவர் யோசித்துப் பார்த்தார். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. சோதனை முடிந்த பிறகு? அதற்கப்புறமும் கேட்கவில்லை. போர்வையின் மறுமுனையைப் பிடிக்கப் போன கை, கூச்சத்தில் பாதியிலேயே நின்றது.

தலைகுனிந்து நின்றவரைப் பார்த்ததும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. கட்டுரை நின்றுபோனதற்காகத்தான் கலங்குகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

"விடுங்க, மறுபடி செஞ்சா போச்சு" என்றாள். "ஆள் குறைஞ்சா சொல்லுங்க, நான் வரேன். எனக்கு முழங்கால்லகூட ரொம்ப நாளா வலி இருக்கு."