மகள் அனுப்பிய போத்தல்

எழுவைதீவு இறங்குதுறையில் ஊர்காவற்றுறைப் படகு இரண்டாம் முறை ஊதுகிறது. காலை வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது. மூன்று நாள் காய்ச்சலோடு சீமெந்துக் கட்டின்மேல் அமர்ந்திருக்கும் பரமலிங்கம் ஆசுப்பத்திரிக்குப் போக அதில் ஏற மறுக்கிறார். கனடாவிலிருந்து மகள் சுலோஜனா அனுப்பிய விற்றமின் போத்தலை அவர் தூக்கிக் காட்ட, உள்ளே குளிசை மாத்திரைகள் கலகலக்கின்றன. "இதைப் போட்டால் வயசு போனாலும் நோய் வருத்தம் அண்டாதெண்டு ஆசையா அனுப்பினவள். நான் ஆசுப்பத்திரியில படுத்தால் பிள்ளை என்ன நினைப்பாள், அன்னம்?" "குளிசையின்ரை மானத்தைக் காக்கச் சாகப் போறியளோ?" மனைவி அன்னபூரணத்தின் குரல் உடைகிறது. படகுக்காரர் கயிற்றை அவிழ்க்கிறார். அவர் மடியில் கைபேசி ஒளிர்கிறது, சுலோஜனாதான். அவர் முகத்தைத் திருப்புமுன், காய்ச்சலைப் பற்றி இரவே மகளுக்குச் சொல்லியிருந்த அன்னபூரணம் அதை எடுத்து வீடியோவைத் திறந்து நேரே பிடிக்கிறாள். மகள் அவருடைய சிவந்த கண்களையே பார்க்கிறாள், போத்தலைப் பார்க்கவேயில்லை. "அப்பா, படகு போயிட்டுதோ?" பரமலிங்கம் போத்தலைக் கீழே வைத்துவிட்டு, எழும்புவதற்கு மனைவியின் தோளைப் பிடிக்கிறார்.