நாய் உட்கார்ந்த இடம்

“இப்பல்லாம் எவனுக்கும் பொறுப்பே கிடையாது. வண்டியைத் திறந்து போட்டுட்டு செல்போனை நோண்டிக்கிட்டு நிக்கிறான். அப்புறம் ‘ஐயோ, எவனோ என் வண்டில போதைப் பொட்டலத்தை வச்சுட்டான்’னு அழுவுறான்.”

பெரியவர் காகிதக் கோப்பையைக் கசக்கி எறிந்தார். எல்லைச் சாவடியின் முன்னால் லாரிகள் வரிசைகட்டி நின்றன. அவர் வண்டியில் உருளைக்கிழங்கு மூட்டைகள். பின்கதவுக்கு இரண்டு பூட்டு, கருவிப் பெட்டிக்கு ஒன்று, டீசல் மூடிக்குக்கூட ஒன்று. டிரைவர்களுக்குள் அவர் பெயரே ‘பூட்டு’தான்.

“உங்க வண்டில பொட்டலம் வைக்கணும்னா போதை கடத்துற கும்பல்காரன் முதல்ல பூட்டு ரிப்பேர் கத்துக்கணும் மாமா” என்றான் டேங்கர் ஓட்டும் மீசைக்காரன். “அது கிடக்கட்டும், இது என்ன சிவப்புக் கட்டம் போட்ட சட்டை? பொண்ணு பார்க்கப் போறீங்களா?”

“உன் வேலையைப் பாரு.”

“போன தடவையும் இதே சட்டைதான். சோப்புக்கும் பூட்டுப் போட்டாச்சா?”

பெரியவர் சட்டைப்பையை ஒருமுறை நீவிவிட்டுக்கொண்டார். பக்கத்து லாரி டிரைவரான மூக்குக்கண்ணாடிக்காரர் ரேடியோவைக் கொஞ்சம் குறைத்தார்.

“போதைக் கும்பலைப் பிடிக்க ராணுவத்தை எல்லை தாண்டி அனுப்பலாமான்னு ரேடியோவுல அடிச்சுக்கிறாங்க.”

“இதுல யோசிக்க என்ன இருக்கு? குண்டு போட்டு அந்தக் கும்பலோட கிடங்கையெல்லாம் தரைமட்டம் ஆக்கணும்” என்றான் மீசை.

“அங்கேயும் நம்மளை மாதிரி லாரிக்காரன் இருப்பான்யா. குண்டுக்கு ஆள் அடையாளம் தெரியுமா? அந்தக் காசுல பாதியை எடுத்து, பழக்கத்துல விழுந்த பிள்ளைங்களுக்கு ஆஸ்பத்திரி கட்டலாம். வாங்க ஆள் இல்லேன்னா விக்கிறவன் என்ன பண்ணுவான்?”

“கட்டினா வந்து படுத்துக்குவானாக்கும்! நாலு பேரைத் தூக்குல போடுங்க, தானா அடங்கும். நீங்க சொல்லுங்க மாமா.”

“ரெண்டு பேரும் உளறாதீங்க. குண்டு போட்டா அடுத்த தெருவுல கடை வைப்பான். ஆஸ்பத்திரின்னு போர்டு மாட்டுவாங்க, உள்ள கட்டில் இருக்காது. போய் நின்னா, ‘ஆறு வாரம் கழிச்சு வாங்க’ம்பாங்க.”

“அப்போ யாரைத்தான் நம்புவீங்க?”

“இதை” என்று சாவிக்கொத்தை ஆட்டிக் காட்டினார்.

சாவடியிலிருந்து சீருடை போட்ட பெண் ஒருத்தி பழுப்பு நாயைப் பிடித்தபடி வந்தாள். அந்த நாய் குரைக்காது, பிறாண்டாது. போதை வாடை பட்டால் அந்த இடத்தில் அமைதியாக உட்காரும். அது உட்கார்ந்தால் சரக்கு தரைக்கு வரும். ஏதாவது சிக்கினால் லைசென்ஸ் போகும், டிரைவர் உள்ளே போவான். இது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

நாய் டேங்கரைக் கடந்தது. உருளைக்கிழங்கு லாரியைச் சுற்றி வந்தது. டயர், டீசல் மூடி, பூட்டுகள் எல்லாவற்றையும் மோந்தது. ஒன்றுமில்லை. பிறகு திரும்பிப் பெரியவரிடம் வந்து, மூக்கை உயர்த்தியது. உட்கார்ந்தது.

மீசைக்காரன் இரண்டடி தள்ளிப் போனான்.

“ஐயா, சாவியைக் கொடுங்க.”

“நாய்க்குக் கால் வலிக்குதும்மா.”

“வலிக்காக அது உட்காராது, ஐயா. சாவி.”

சாவியை அவர் கொடுக்கவில்லை. ஒவ்வொரு பூட்டாகத் தானே திறந்துவிட்டார். மூட்டைகளை இறக்கினார்கள். ஒவ்வொன்றையும் கம்பியால் குத்திப் பார்த்தார்கள். சீட்டைப் பிரித்தார்கள். உருளைக்கிழங்கைத் தவிர வேறொன்றும் இல்லை.

நாயை மறுபடி மூன்று தடவை விட்டார்கள். மூன்று தடவையும் அது லாரியை விட்டுவிட்டு அவர் முன்னால் போய் உட்கார்ந்தது.

“இத்தனை பூட்டு எதுக்குன்னு இப்பல்ல தெரியுது” என்று மீசை முணுமுணுத்தான்.

“சும்மா இருய்யா” என்றார் கண்ணாடிக்காரர். ஆனால் அவரும் தள்ளித்தான் நின்றார்.

“பையைக் காட்டுங்க ஐயா.”

சட்டைப்பையை வெளியே இழுத்துக் காட்டினார். காலி.

“சட்டையைக் கழட்டிக் கொடுங்க. சோதனைக்கு அனுப்பணும். அதுவரைக்கும் வண்டி இங்கதான் நிக்கும்.”

பெரியவர் சாவிக்கொத்தை அவள் கையில் வைத்தார். நாற்பது வருஷத்தில் அந்தச் சாவி இன்னொருவர் கைக்குப் போனதை யாரும் பார்த்ததில்லை.

“வண்டியை வச்சுக்கோ. சட்டையைத் தர மாட்டேன்.”

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஈரமான சோதனைக் காகிதம் ஒன்றை எடுத்து, சட்டை அவர் உடம்பில் இருக்கும்போதே பையின் தையலைத் துடைத்தாள். காகிதம் லேசாக நிறம் மாறியது.

“எப்பவோ இருந்த தடம்தான் ஐயா. பொருள் எதுவும் இல்லை, கேஸ் போட முடியாது. நீங்க போகலாம்” என்று சாவியைத் திருப்பித் தந்தாள். குரலைத் தணித்துக்கொண்டாள். “ஆனா அடுத்த சாவடியிலயும் நாய் உட்காரும். இதைத் துவைச்சிடுங்களேன்.”

மூட்டைகள் ஏறின. பூட்டுகள் ஏறின. மீசைக்காரன் அசட்டுச் சிரிப்போடு கிட்டே வந்தான்.

“கோவிச்சுக்காதீங்க மாமா. இப்ப சொல்லுங்க, குண்டா, ஆஸ்பத்திரியா?”

“ரெண்டுலயும் எனக்கு நம்பிக்கை இல்லை.”

நாய் இன்னும் அவரையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. அதன் தலையை ஒரு தடவை தடவினார். பிறகு லாரியைப் பார்த்து நடந்தபடி, திரும்பாமலே அந்தப் பெண்ணுக்குப் பதில் சொன்னார்.

“உட்காரட்டும்மா. ஆறு வாரம் கழிச்சு வரச் சொன்னாங்க, என் பையன் மூணாவது வாரமே போயிட்டான். இதைத் துவைச்சா அவன் வாசனையும் போயிடும்.”